இதை எவன் மாட்டினது?

கோபிநாத்தின் கடை எரிந்து சாம்பலாகவேண்டும் என்று புவனேஸ்வரி வேண்டாத சாமி இல்லை. வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டு வேண்டினாள், செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழ மூடியில் திரி போட்டு வேண்டினாள். ஒரு சாமியும் அசையவில்லை. எரிவதற்குப் பதிலாகக் கடை வளர்ந்தது. ஒற்றை ஷட்டர் இரண்டு ஷட்டரானது, கண்ணாடிக் கதவு வந்தது, கோபிநாத் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற பெரிய போர்டும் வந்தது. உங்கள் பழைய சைக்கிளை எலக்ட்ரிக் சைக்கிளாக மாற்றித் தருகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது. அறந்தாங்கிக்கு பஸ்ஸில் போனால் அந்தக் கடை தெரிகிற பக்கத்து ஜன்னலில் உட்காரமாட்டாள்.

கோபம் சும்மா வரவில்லை. அவள் புருஷன் கண்ணன் எட்டு வருஷம் குவைத்தில் கிடந்துவிட்டு ஊருக்கு வந்தவன். வந்ததும் பூ வியாபாரத்தில் இறங்கினான். விடியும்போதே கீரமங்கலம் மார்க்கெட்டில் முல்லையும் கனகாம்பரமும் எடுத்து, மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டி, அறந்தாங்கிப் பூக்கடைகளில் கொண்டுபோய்ப் போடுவான். மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தபிறகுதான் கோபிநாத்திடம் போனான். கோபிநாத் அப்போதுதான் இந்தத் தொழிலை ஆரம்பித்திருந்தான். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், அதன் பக்கவாட்டில் ஏழு பல்சக்கரம் அடுக்கிய கியர். பேட்டரி இறங்கிப்போனாலும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றி மூட்டையோடு மிதித்து வந்துவிடலாம் என்று சொல்லித்தான் கண்ணன் தலையில் அந்தக் கியரைக் கட்டினான்.

மாட்டிய பத்தொன்பதாம் நாள் காலை ஆறரை மணிக்கு, அறந்தாங்கிக்கு முன்னால் வருகிற பாலத்து ஏற்றத்தில் கண்ணன் எழுந்து நின்று அழுத்தி மிதித்தான். பின்னால் ஏதோ மடக்கென்று முறிகிற சத்தம் கேட்டது. ஏற்றம் முடிந்து வண்டி இறங்க ஆரம்பித்ததும் செயின் சிக்கிப் பின்சக்கரம் அப்படியே நின்றது. முப்பது கிலோ மூட்டையோடு சைக்கிள் சுழன்று அடித்தது. கண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ரோடெல்லாம் முல்லை கொட்டிக்கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதுவரை விதி என்று விட்டுவிடலாம். அதற்கப்புறம் நடந்ததைத்தான் புவனேஸ்வரியால் விடமுடியவில்லை. கோபிநாத்தின் கடைக்குப் பக்கத்தில் பிச்சைமுத்துவின் டீக்கடை. அதற்கடுத்து ஆட்டோ ஸ்டாண்டு, எதிரே பூக்கடைகள். விபத்துச் செய்தி வந்ததும் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று கோபிநாத் சொன்னான்: "காலையிலயே ஊத்திக்கிட்டு வண்டியை எடுத்தா மோட்டாரு என்ன பண்ணும்? மோட்டாருக்கு வாய் இருந்தா அதுவே சொல்லும், இவன் எவ்வளவு குடிச்சான்னு."

நாசமாய்ப் போனவன், யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான். குவைத்துக்குப் போவதற்கு முன்னால் கண்ணன் நன்றாகக் குடித்தவன் என்பது ஊருக்கே தெரியும். அங்கே போய் விட்டதும், திரும்பி வந்து ஒரு சொட்டுத் தொடாததும் யாருக்கு வேண்டும்? மத்தியானத்துக்குள் பேச்சு கீரமங்கலம் போய்ச் சேர்ந்துவிட்டது. ராத்திரி போட்டது இறங்கியிருக்காது என்றார்கள். பழைய புத்தி எங்கே போகும் என்றார்கள். பூக்கடை ரகுநாத், குடிகாரனை நம்பி முகூர்த்தத்துக்குப் பூ சொல்லமுடியாது என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். எட்டாவது படிக்கிற மகள் காவ்யாவிடம், ஒங்க அப்பா பல்லு விளக்குறதுக்கு முன்னாடி குடிப்பாரா, பின்னாடி குடிப்பாரா என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

புவனேஸ்வரி ஒருத்தர் விடாமல் சண்டைக்குப் போனாள். கண்ணனோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நடக்க ஆரம்பித்தபிறகும் தெருவுக்கு வரவில்லை. கமிஷன் கடையிலிருந்து மூட்டையாக வருகிற நிலக்கடலையை வீட்டில் உட்கார்ந்து உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாலு பேரு முன்னாடி வந்து நான் குடிக்கலைன்னு சொல்லித் தொலைங்களேன் என்று அவள் கத்தினால், சொன்னா மட்டும் என்ன ஆயிரும் என்பதோடு நிறுத்திக்கொள்வான். இப்படி ஒரு மண்ணாந்தையைக் கட்டிக்கொண்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

சைக்கிளின் மற்றப் பாகங்கள் துருப்பிடித்துப் போனாலும் அந்தப் பின்சக்கரத்தை மட்டும் அவள் சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். அங்கே பிளெஸ்ஸி என்று ஒரு பெண், டிப்ளமோ படித்தவள், முப்பது வயசுகூட இருக்காது, சைக்கிளுக்கு மோட்டார் பொருத்துகிற கடை வைத்திருந்தாள். பிளெஸ்ஸி சக்கரத்தைத் திருப்பி ஒரு பார்வைதான் பார்த்தாள். குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மோட்டாரின் பக்கவாட்டில் மரை இருக்கும், அதில்தான் கியரைத் திருகி ஏற்றவேண்டும். மோட்டார் மூடி அலுமினியம், கியர் இரும்பு. நேராக வைத்துத் திருகினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கொஞ்சம் சாய்ந்தாலும் இரும்பு அலுமினியத்தை அறுத்துக்கொண்டு ஏறும். ஏறி முடித்தபிறகு பார்க்கிறவனுக்கு இறுகிவிட்ட மாதிரிதான் தோன்றும். இந்தச் சக்கரத்தில் கியர் கோணலாக ஏறியிருந்தது. அதற்கான ஸ்பேனர் சாவி இல்லாமல் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றிய வடு பல்சக்கரத்தில் வரிசையாக இருந்தது. மொத்தப் பாரமும் அறுந்த மரையில் தொங்கியிருக்கிறது.

தெரிந்துகொண்டது போதும் என்று புவனேஸ்வரி வீட்டுக்கு வந்திருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மறுநாளும் போய், எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடு என்று பிளெஸ்ஸியிடம் நின்றாள். நாற்பது வயசில் எதுக்குக்கா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ஒருத்தன் மூக்கை அறுக்கணும் என்று மறைக்காமல் சொன்னாள். பிளெஸ்ஸி சிரித்துவிட்டு ஒரு காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

தினமும் இரண்டு பஸ் மாறிப் போனாள். மரையைத் துடைத்து கிரீஸ் தடவக் கற்றுக்கொண்டாள். கியரை வைத்ததும் முதலில் பின்பக்கமாகத் திருப்பவேண்டும். மரை மரையில் விழுகிற சின்ன அதிர்வு விரலுக்குத் தெரியும். அப்புறம்தான் முன்பக்கம். கையால் ஏறுகிறவரைக்கும் கையால்தான், சாவி கடைசியில். பழைய மோட்டாரைக் கழற்றி, புது ரிம்மில் வைத்து, ஸ்போக் கட்டி, ரிம் ஆடாமல் நேராகச் சுற்றும்படி கோட்டம் எடுக்கவும் பழகிவிட்டாள். அதில் பிளெஸ்ஸியையே மிஞ்சிவிட்டாள் என்று பிளெஸ்ஸியே சொன்னாள்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கத்தை அவள் கவனித்தாள். எந்த மெக்கானிக்காக இருந்தாலும், வேறொருவன் மாட்டிய வண்டியைத் திறந்தால் முதல் வார்த்தை திட்டுத்தான். இதை எவன் மாட்டினது என்று ஆரம்பித்து, மாட்டியவனின் பரம்பரை வரைக்கும் போய்விட்டுத்தான் சாவியைக் கையில் எடுப்பார்கள். வேதக்காரப் பெண் பிளெஸ்ஸிகூட அந்த நேரத்தில் ஜெபத்தையெல்லாம் மறந்துவிடுவாள். ஆறு மாதத்தில் புவனேஸ்வரிக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒருநாள் ஒரு சைக்கிள் வந்தது, கியருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் வாஷர் போடாததால் செயின் உரசியது. புவனேஸ்வரி கழற்றியபடியே மாட்டியவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கையில் வாதம் வந்தவனா, கண்ணு பொட்டையா, சோத்தைத்தான் திங்கிறானா என்று கேட்டாள். பிளெஸ்ஸி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன மார்ச்சுல நீங்கதாங்க்கா மாட்டினது என்றாள்.

கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புவனேஸ்வரி சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக எந்தச் சாமியும் காட்டாத வழி அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

சாக்கில் சுற்றி வைத்திருந்த கண்ணனின் மோட்டாரை, கோணல் கியர் ஒட்டியிருந்தபடியே, நெளிந்த பழைய ரிம்மிலிருந்து கழற்றினாள். புது ரிம்மில் வைத்து, முப்பத்தாறு ஸ்போக்கையும் தன் கையால் கட்டினாள். நீல நிற சைக்கிள் ஒன்றில் அந்தச் சக்கரத்தை மாட்டினாள். பிளெஸ்ஸிதான் அதைக் கோபிநாத்திடம் கொண்டுபோகவேண்டும் என்றபோது, பொய்யெல்லாம் சொல்லமாட்டேங்க்கா, கேட்டா பாதிதான் சொல்லுவேன் என்று பிளெஸ்ஸி கண்டிஷன் போட்டாள். பாதி போதும் என்றாள் புவனேஸ்வரி.

வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாளைத் தேர்ந்தெடுத்தாள். காலை பதினொரு மணிக்குப் பூக்கடைக்காரர்கள் எல்லாம் டீக்கடையில் நிற்பார்கள். அவள் முன்னதாகவே போய் உள்பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள். இரண்டு வருஷமாக அந்தக் கடைப் படி ஏறாதவள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிச்சைமுத்து டம்ளரை இரண்டு தடவை கழுவினார். டீயை வைத்துவிட்டுப் போனார்.

பிளெஸ்ஸி நீல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கோபிநாத்தின் கடை வாசலில் நிறுத்தினாள். கியர் மாற்றினால் கடகடவென்று ஆடுகிறது, என்னவென்று பாருங்கள் என்றாள். படித்த பெண், புது முகம். கோபிநாத் வேலையாளைத் தள்ளிவிட்டுத் தானே வந்தான். சக்கரத்தைக் கழற்றி வெளி பெஞ்சில் படுக்கவைத்தான். முதலில் சுற்றிவிட்டுப் பார்த்தான், ஒரு நூல்கூட அசையாமல் ரிம் நேராகச் சுற்றியது. அப்புறம் கியரைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"யாருங்க இதை மாட்டினது?"

தன்னிடம் வரும்போதே இப்படித்தான் இருந்தது என்றாள் பிளெஸ்ஸி. அது சத்தியமான உண்மை. முன்னால் ஓட்டியவர் இதில் விழுந்துவிட்டாராம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"விழாம என்ன பண்ணுவான்?" கோபிநாத்துக்குக் குரல் ஏறியது. டீக்கடையில் நின்றவர்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். "ரகு, இங்கிட்டு வந்து பாருய்யா இந்த அநியாயத்தை. இது மரையில ஏறலை, மரையை அறுத்துக்கிட்டு ஏறியிருக்கு. உளி வச்சுத் தட்டியிருக்கான் பாரு, வெறகு பொளக்குற பய. ஸ்போக் கட்டினவன் வேலைக்காரன், அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம். இந்தக் கியரை மாட்டினவன் கொலைகாரன். பாரம் வச்சு ஏத்தத்துல ஒரு மிதி மிதிச்சா போதும், கியரு சாஞ்சு செயின் உள்ள சிக்கி வீலு நின்னுரும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த புவனேஸ்வரி டம்ளரோடு பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். பேசு, இன்னும் பேசு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புவனேஸ்வரி சொல்லிக்கொடுத்திருந்த கேள்வியைப் பிளெஸ்ஸி தவறாமல் கேட்டாள். விழுந்தவர் குடித்திருந்தார் என்று சொல்கிறார்களே, அதனால் இருக்குமா?

"குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? சாமியே வந்து ஓட்டியிருந்தாலும் விழுந்துதான் ஆகணும். இப்படி மாட்டிப்புட்டு ஓட்டினவன் மேல பழியைப் போடுறான் பாருங்க, அவனையெல்லாம் செருப்பால அடிக்கணும்."

புவனேஸ்வரி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் கோபிநாத்தின் கை சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது. அவள் ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த வாரண்டி அட்டையை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். அதில் கடை முத்திரை இருந்தது. தேதி இருந்தது. கண்ணன் என்ற பெயரும் மோட்டார் நம்பரும் கோபிநாத்தின் கையெழுத்திலேயே இருந்தன.

"நம்பரைச் சரிபார்த்துக்கங்கண்ணே. ஸ்போக் கட்டினது நானு. கியரு மாட்டினது யாருன்னு அட்டையில இருக்கு."

ரகுநாத் அட்டையை எடுத்து, குனிந்து மோட்டாரில் பதிந்திருந்த நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு அட்டையைக் கோபிநாத்தின் கையில் கொடுத்தான். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், பின்னாலேயே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

அப்போது தன்னிடம் சரியான சாவி கிடையாது, கற்றுக்கொண்டிருந்த நேரம் என்று கோபிநாத் மென்று விழுங்கினான். உள்ளே வா தங்கச்சி, உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், புது வண்டியே தருகிறேன் என்றான்.

"கத்துக்கிட்டிருந்தது தப்பில்லைண்ணே. என் புருஷன் மேல சாராய நாத்தத்தைப் பூசினது யாரு? அதை உள்ள ஒக்காந்தா சொன்னீங்க? அன்னைக்கி எந்த எடத்துல நின்னு சொன்னீங்களோ, அதே எடத்துல நின்னு கண்ணன் குடிக்கலைன்னு சொல்லுங்க. எனக்கு வண்டி வேணாம்."

கோபிநாத் சுற்றிலும் பார்த்தான். ஒருத்தர்கூட அவனுக்காக வாய் திறக்கவில்லை. டீக்கடை அடுப்புப் பக்கமாகப் போய் நின்று, கண்ணன் அன்றைக்குக் குடிக்கவில்லை, தப்பு என் மேலதான் என்று முனகினான். ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கேட்கவில்லை என்றாள் புவனேஸ்வரி. மறுபடி சொன்னான். எதிர்ப்பக்கம் பூக்கடைகளுக்கும் கேட்கவேண்டும் என்றாள். மூன்றாவது தடவை சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்து, கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பாவமாக இருந்ததா என்றால், துளிக்கூட இல்லை. இன்னொரு தடவை சொல்லவைக்கலாமா என்றுதான் யோசித்தாள்.

அதற்குள் நின்றவர்கள் கோபிநாத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல மனுஷனை இப்படிச் சொல்லிவிட்டாயே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அன்றைக்கு அந்தப் பேச்சைக் கீரமங்கலம் வரைக்கும் சுமந்துகொண்டுபோனதே இந்த வாய்கள்தான். நாளையிலிருந்து கண்ணனைப் பூ போடச் சொல்லு என்றான் ரகுநாத். அன்னைக்கி ஆள் விட்டுச் சொன்னீங்க, இப்ப நீங்களே வந்து கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

திரும்பும்போது அந்தப் போர்டு தெரிகிற ஜன்னலிலேயே உட்கார்ந்து வந்தாள்.

வீட்டில் கண்ணன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். உள்ளே காவ்யா லீவு வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். கோபிநாத் ரிம்மைச் சுற்றிப் பார்த்தது, ரகுநாத்தைக் கூப்பிட்டது, செருப்பால் அடிக்கவேண்டும் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டது எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். மூன்று தடவை சொல்லவைத்ததைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இனிமேல் தலையை நிமிர்த்திக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நடங்க என்றாள்.

கண்ணன் கடைசிவரை கேட்டான். பிறகு முறத்தை ஒதுக்கி வைத்தான்.

"கோபி சொன்னது எனக்குப் பெருசா வலிக்கலை புவனா. அவன் கடையைக் காப்பாத்திக்கச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நீ என்ன பண்ணுன, ஞாபகம் இருக்கா?"

புவனேஸ்வரி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"குனிஞ்சு என் வாயை மோந்து பார்த்த. நான் மயக்கத்துல கெடக்குறேன்னு நெனச்சுக்கிட்ட. எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவை மோந்த."

புவனேஸ்வரி கீழே உட்கார்ந்தாள். மோந்து பார்த்தது உண்மை. மருந்து வாடையைத் தவிர எதுவும் இல்லை என்று தெரிந்தும், நிச்சயப்படுத்திக்கொள்ள இரண்டாவது தடவை குனிந்ததும் உண்மை. இரண்டு வருஷமாக ஊரையெல்லாம் வாரித் தூற்றியவள் இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நாலு பேரிடம் போய் மறுத்துப் பேசு என்று அவனைத் தினமும் கரித்துக்கொட்டியது ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

"அவனைச் சொல்லவச்சது இருக்கட்டும்," என்றான் கண்ணன். "நீ சொல்லு."

"நீங்க குடிக்கலைங்க." முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். உள்ளே காவ்யா படிப்பை நிறுத்தியிருந்தாள். கண்ணன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, புள்ளைக்கும் கேக்கட்டும் என்றான். அவன் முகத்தில் இரக்கம் இல்லை.

புவனேஸ்வரி எழுந்து நின்றாள். என் புருஷன் அன்றைக்குக் குடிக்கவில்லை, நான்தான் அவரைச் சந்தேகப்பட்டேன் என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் கண்ணன் கடலையைத் தொடவில்லை.